ஃபார்சியர் மூண்டாம் புத்தகம் முடிச்சிட்டன். ஃபிட்ஸுக்கு ஒண்டுமே கிடைக்கேல்ல, பிறகேன் எனக்கு மனசு நிறைஞ்சு கிடக்கு?

உப்புவெளிக் காத்து:

எல்லாருக்கும் வணக்கம். முதலே சொல்லிடுறன், கீழ முழுக்க ஸ்பொய்லர் தான். ரொபின் ஹொப்பின்ட ஃபார்சியர் ட்ரைலொஜி மூண்டு புத்தகமும் முடிக்காத ஆக்கள் தயவுசெய்து இதோட திரும்பிடுங்க, அந்த முடிவுக்கு நீங்களே நடந்து போய்ச் சேரோணும்.

முந்தநாள் ராத்திரி ரெயின்ல கொழும்புக்குப் போகேக்க தான் மூண்டாம் புத்தகம் அசாசின்ஸ் குவெஸ்ட் கடைசிப் பக்கத்துக்கு வந்தன். கல்ஓயாவில ரெயின் கன நேரம் நிண்டது, பெட்டியில எல்லாரும் நித்திரை, முன் சீட்டில ஒரு அம்மா மட்டும் மடியில கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தா. நான் ஃபோன் வெளிச்சத்தில வாசிச்சு முடிச்சிட்டு ஜன்னலுக்கு வெளிய இருட்டைப் பாத்துக்கொண்டே இருந்தன். அழுகை வந்தது. ஆனா அது கவலையில வாற அழுகை மாதிரி இல்ல.

என்ட கேள்வி இதுதான். ஆறு வயசில ஒரு கோட்டை வாசல்ல கொண்டுவந்து விடுறாங்க அந்தப் பிள்ளையை, முடிக்குரிய இளவரசன்ட மகன், ஆனா கலியாணத்துக்கு வெளிய பிறந்தவன். பேரே ஃபிட்ஸ், அதாவது இன்னாரின்ட மகன் எண்டு மட்டும் தான், அவனுக்கெண்டு ஒரு பேர் கூட இல்ல. குதிரை லாயத்தில வளர்றான், தாத்தா ராசா அவனை ரகசியக் கொலைகாரனாப் பழக்குறார், சித்தப்பன் ரீகல் அவனைச் சிறையில போட்டு அடிச்சுச் சாகடிக்கிறான், புதைகுழியில இருந்து எழும்பி வாறான், பிறகும் உரிய ராசாவான மற்றச் சித்தப்பன் வெரிட்டி கூப்பிட்டவர் எண்டு மலை தாண்டி நடக்கிறான். இவ்வளவும் செய்தவனுக்குக் கடைசில என்ன? இவன்ட காதலி மொலி இவன் செத்திட்டான் எண்டு நம்பி, இவனை வளர்த்த பரிச்சையே கட்டிக்கொள்ளுறா. இவன்ட மகள் இன்னொருத்தரை அப்பா எண்டு கூப்பிட்டு வளரப்போறாள். நாட்டில கொஞ்சப் பேரைத் தவிர ஒருத்தருக்கும் இவன் உயிரோட இருக்கிறது கூடத் தெரியாது. ஒரு குடிசை, ஒரு ஓநாய், எழுதுறதுக்குக் கொஞ்சம் கடதாசி. அவ்வளவு தான்.

இதை என்ட ஃப்ரெண்ட் ஒருத்தி "ஏமாத்து முடிவு" எண்டு சொல்லுறா, மூண்டு புத்தகம் கஷ்டப்படுத்திட்டு ஒரு நல்லது கூடக் குடுக்கேல்ல எண்டு கோவம் அவவுக்கு. அவ சொல்லுறதுக்கு என்னால மறுமொழி சொல்ல ஏலேல்ல. ஆனா எனக்கு நல்லாச் சாப்பிட்டு எழும்பின மாதிரி ஒரு நிறைவு இருக்கு. அரண்மனைச் சூழ்ச்சிக் கதை ஒண்டு எப்பிடி முடிஞ்சா அது நல்ல முடிவு? வாசிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

கோணமலை டீச்சர்:

தங்கச்சி, நீங்க ஃபிட்ஸுக்கு என்ன கிடைச்சது எண்டு கணக்குப் பாக்கிறீங்க, அதை ஒருக்கா ஒரு பக்கம் வச்சிட்டு, சிம்மாசனத்தின்ட சிக்கல் எப்பிடி அவிழுது எண்டதை மட்டும் பாருங்கோ. நான் இந்தப் புத்தகத்தை மூண்டு தரம் வாசிச்சிருக்கிறன், மூண்டாம் தரம் தான் எனக்கே இது பிடிபட்டது.

மூண்டாம் புத்தகத்தின்ட நடுவில நிலைமை என்ன? வெரிட்டி மலைக்கு அங்கால போயிட்டார். அவர்ட ராணி கெட்ரிக்கெனுக்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்திட்டுது. ரீகல் தானே ராசா எண்டு முடியை வச்சிருக்கிறான். அப்ப வாரிசு ஆர்? அந்த நேரம் தான் ஃபிட்ஸின்ட மகள் நெட்டில் இருக்கிறது தெரிய வருது, ஃபிட்ஸுக்குக் கொலைவேலை பழக்கின சேட்டும் கெட்ரிக்கெனும் அந்தக் கைப்பிள்ளையை வாரிசாக்கப் பாக்கிறாங்க. கெட்ட எண்ணத்தில இல்ல, நாடு நிலைக்கோணும் எண்டு தான். ஆனா ஃபிட்ஸுக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, தன்னை ஆறு வயசில எடுத்து ஒரு காயா வச்சு விளையாடின அதே பலகையில இப்ப தன்ட மகளை வைக்கப் போறாங்க. அவன் கெஞ்சுறான், வேண்டாம் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்ல.

பிறகு வெரிட்டி கல்லு ட்ராகன் செதுக்கிற குவாரியில, ஸ்கில் எண்ட மன சக்தியால அவர் ஃபிட்ஸின்ட உடம்பை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கிக்கொண்டு கெட்ரிக்கெனிட்டப் போறார், ஃபிட்ஸ் அந்த ராத்திரி முழுக்க வெரிட்டியின்ட தேஞ்சுபோன கிழட்டு உடம்புக்குள்ள கிடக்கிறான். வாசிக்கேக்க எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிட்டுது, அது லேசான காட்சி இல்ல. ஆனா அதில இருந்து தான் டியூட்டிஃபுல் எண்ட இளவரசன் பிறக்கிறான், உரிய வாரிசு வருது, நெட்டில் அந்த விளையாட்டில இருந்து தப்புறாள். அவள் ஒரு சாதாரண வீட்டில, தேன்கூடும் மெழுகுதிரியும் தெரிஞ்ச தாயிட்ட, குதிரை வளர்க்கத் தெரிஞ்ச ஒரு தகப்பனிட்ட வளரலாம். ஃபிட்ஸ் கேட்டது இந்த ஒண்டு தான் தங்கச்சி, மூண்டு புத்தகத்திலயும் அவன் தனக்கெண்டு மனசார மண்டாடிக் கேட்டது தன்ட பிள்ளையை விட்டிடுங்கோ எண்டது மட்டும் தான். அது கிடைச்சிட்டுது. அதைத் தவிர மற்ற எல்லாம் தான் அதுக்குக் குடுத்த விலை.

பரிச் விஷயமும் இப்பிடித்தான். அந்த மனுசன் ஃபிட்ஸைச் சின்னனில எடுத்து வளர்த்தவர், ஆனா மிருகங்களோட மனசால பேசுற அந்த விட் ஃபிட்ஸிட்ட இருக்கிறதைச் சகிக்க ஏலாமல் அவனை ஒதுக்கியும் வச்சவர், தான் அவனை வளர்த்ததில தோத்திட்டன் எண்டு தான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவன் செத்திட்டான் எண்டு நினைச்சு, அவன்ட பிள்ளையைச் சுமக்கிற பெட்டைக்குக் காவலாப் போறார். ஃபிட்ஸ் எங்கேயோ தூரத்தில கிடந்து கனவு மாதிரி எல்லாத்தையும் பாக்கிறான், குடிசைக்குள்ள பரிச்சின்ட பெரிய கையில தன்ட மகள் இருக்கிறதை. அந்த இடத்தில எனக்கு ஃபிட்ஸ் மேல வந்த இரக்கத்தை விட பரிச் மேல வந்த அன்பு கூட. முதல் புத்தகத்தில பட்ட கடன் மூண்டாம் புத்தகத்தில அடைஞ்சிட்டுது. கடன் குடுத்தவன் கையில அது திரும்பி வரேல்ல, அவ்வளவு தான் வித்தியாசம். ஆனா அடைஞ்சிட்டுது. உங்களுக்கு மனசு நிறைஞ்சது அதால தான் எண்டு நான் நினைக்கிறன்.

---

மூதூர் நானா:

டீச்சர் சொல்றது சரி, நெட்டில் விஷயத்த நானும் இப்பிடி யோசிக்கல்ல. ஆனா எனக்கு மனத்தாங்கல் ஒண்டு இரிக்கி, சொல்லாம விட ஏலா.

ரெண்டு புத்தகம் முழுக்க அந்தச் சிவப்புக் கப்பல்காரன் வந்து கரையோர ஊர அடிக்கிறான், ஆக்களப் பிடிச்சிட்டுப் போய் மனசில்லாத பொணமாக்கித் திருப்பி அனுப்புறான். கடக்கரையில பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கங்கள் வாசிக்க ஏலாமப் போச்சி, ஒரு ஊர் ஆக்கள் தங்கட சொந்த ஆக்களயே பயந்து கதவச் சாத்துற இடம் இரிக்கிதானே, அதுல நான் புத்தகத்த மூடி வச்சிட்டு வெளிய போயிட்டன். இவ்வளவு பெரிய யுத்தத்த, கடைசில கல்லு ட்ராகன் எழும்பிப் பறந்து போய் கொஞ்சப் பக்கத்துல முடிச்சி வைக்குது. அந்தக் கப்பல்காரன் ஏன் வந்தான், அவனுக்கு என்ன வலி எண்டத ஓடுற ஓட்டத்துல ஒரு வாய் சொல்லிட்டுப் போறாங்க. மலையில நடக்குற நடை நூத்துக்கணக்கான பக்கம், கரையில சனம் மீண்டு வந்தது நாலு பந்தி. சூழ்ச்சிக் கத நல்லா முடிஞ்சிரிக்கி, ஒத்துக்கிறன். ஊர்ச் சனத்துட கத முடியல்ல.

ஆனா ரீகலுட முடிவு ரெண்டாந்தரம் யோசிக்கக்குள்ள தான் எவ்வளவு பெரிய வேல எண்டு விளங்கிச்சி. கொல பண்ண எண்டே வளர்த்த ஒரு புள்ள, ரீகலக் கொல்லுறதுக்காகவே மூணாம் புத்தகத்துல அரண்மனைக்குள்ள பூந்து தோத்தவன், கடைசியா ரீகலுட மனசு முழுசா அவன்ட கையில வந்து விழக்குள்ள கொல்லல்ல. ஸ்கில்லால அவன்ட மனசுல ராணிக்கும் பொறக்கப்போற புள்ளைக்கும் விசுவாசத்த ஊத்தி விடுறான். பொறாமையில நாட்ட எரிச்சவன் பணிஞ்சி போய் ராணிக்கிட்ட முடியக் குடுக்குறான், உதவி செய்றன் எண்டு நிக்கிறான். சபையில ரத்தம் சிந்தல்ல, திரும்பவும் உள்நாட்டுச் சண்ட வரல்ல. ஒரு அரண்மன ஆளுக்கு இதவிடப் பெரிய வெற்றி இல்ல. பொறகு ரீகலக் கடிச்சிக் கொல்லுறது ஒரு சின்ன ஃபெரட், நம்மட கீரி மாதிரி ஒண்டு. அது தன்ட மனுசனுக்காகப் பழி வாங்குது. ராசமாருட கணக்கு வேற, அந்தச் சின்ன உயிருட கணக்கு வேற எண்டு ரெண்டையும் தனித்தனியா முடிச்சிரிக்கிறா. அதுக்கு நான் தல வணங்குறன்.

---

உப்புவெளிக் காத்து:

நானா, நீங்க சொன்ன அந்த நாலு பந்தி எனக்கும் குறைச்சல் தான். வாசிக்கேக்க கண்ணீரில அதைக் கவனிக்கேல்ல போல. டீச்சர், நெட்டிலைப் பற்றி நீங்க எழுதினதை அப்பிடியே ஃப்ரெண்டுக்கு அனுப்பிட்டன், இன்னும் மறுமொழி வரேல்ல, ஆனா வாசிச்சிட்டா எண்டு காட்டுது.

---

உவர்மலை:

நான் கதைப் புத்தகம் குறைவு, சரித்திரம் தான் கூட வாசிக்கிறது, ஆனா மகள் தந்து இந்த மூண்டையும் வாசிச்சனான். உண்மையான அரண்மனைச் சூழ்ச்சி எப்பிடி முடியும் எண்டதை எங்கட தீவிலயே பாக்கலாம், அதை வச்சுப் பாத்தா இந்தக் கதையில எது உண்மை எண்டு விளங்கும்.

கண்டியில 1798ல ராசா பிள்ளையில்லாமல் செத்துப்போக, பிலிமத்தலாவ எண்ட பிரதானி 18 வயசுப் பொடியன் ஒருத்தனைக் கொண்டுவந்து சிம்மாசனத்தில இருத்தினார். கண்ணுச்சாமி எண்டு பேர், நாயக்கர் வழி, சிறீ விக்கிரமராசசிங்கன் எண்டு முடி சூட்டினது. பொடியன் சின்னன், தான் சொன்னபடி ஆடுவான் எண்டு தான் அவர் கணக்கு. கூட உரிமை உள்ள முத்துச்சாமி, செத்த ராசாவின்ட மச்சான், ஓடிப்போய் வெள்ளைக்காரனிட்ட அடைக்கலம். 1803ல வெள்ளைக்காரன் ரெண்டு பக்கத்தால கண்டிக்குப் படை நடத்தினான், ஒண்டு கொழும்பில இருந்து, மற்றது இஞ்ச எங்கட திருகோணமலையில இருந்து. முத்துச்சாமியைக் கொண்டுபோய் ராசா எண்டு வச்சான். சில மாசம் தான். காய்ச்சலும் பசியும் படையைத் தின்ன, மிச்சம் இருந்தவங்கள் சரணடைஞ்சு முத்துச்சாமியையும் கையில குடுத்திட்டாங்கள், அவன்ட தலை போச்சு.

பிலிமத்தலாவவுக்கு என்ன கிடைச்சது? தான் இருத்தின ராசாவே 1811ல அவருக்கு மரணதண்டனை குடுத்தான். அவருக்குப் பிறகு வந்த எகெலப்பொல 1814ல வெள்ளைக்காரனிட்ட ஓட, ராசா அவர்ட பெஞ்சாதி பிள்ளைகளை அழிச்சான். அந்த எகெலப்பொல 1815ல கண்டி விழேக்க முடி தனக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர், வரேல்ல, கடைசில மொரிசியஸுக்கு நாடு கடத்தி 1829ல அங்கயே செத்தார். ராசா வேலூர்ல கைதியா இருந்து 1832ல செத்தான். சூழ்ச்சி செய்த ஒருத்தர் கையிலயும் ஒண்டும் மிஞ்சேல்ல, நடுவில சாதாரண சனம் எவ்வளவு அழிஞ்சுது எண்டு கணக்கு எழுதினவனும் இல்ல.

இதை ஏன் சொல்லுறன் எண்டா, உண்மையில இந்தக் கதைகளுக்கு முடிவே இல்ல பிள்ளை, ஒரு கயிறு அறுந்து போறது தான் நடக்கும். கதை எழுதுறவ அதில இருந்து என்னத்தை எடுத்து எங்க முடிச்சுப் போடுறா எண்டது தான் கெட்டித்தனம். ஃபிட்ஸைச் சிம்மாசனத்தில இருத்தியிருந்தா எனக்கு அது பொய்யாப் போயிருக்கும். அரண்மனைக்கு ஒளிச்சு வேலை செய்தவனை அரண்மனை வெளிச்சத்தில கொண்டுவந்து நிப்பாட்டாது, ஒரு நாளும். ஆனா பாருங்கோ, ஒவ்வொரு அதிகாரத்துக்கும் மேல ஒரு துண்டு சரித்திரம் வருது, ஏதோ பழைய ஓலையில எடுத்த மாதிரி. அதை எழுதிக்கொண்டிருக்கிறது ஃபிட்ஸ். நாட்டின்ட வரலாறு எழுதத் தொடங்கி, தன்ட வாழ்க்கை தன்னை மீறி அதுக்குள்ள வந்து விழுகுது. பேர் இல்லாதவன்ட கையில தான் அந்த நாட்டின்ட நினைவு இருக்கு. சரித்திரம் படிக்கிற எனக்கு அதுக்கு மேல ஒரு பரிசு தெரியேல்ல.

கல்லைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். வெரிட்டி தன்ட நினைவையெல்லாம் ஒவ்வொண்டாக் கல்லுக்குள்ள விட்டு ட்ராகனைச் செதுக்கிறார், கடைசில தான் ஆர் எண்டே தெரியாத அளவுக்கு. ஃபிட்ஸும் தன்ட வலியில கொஞ்சத்தை அங்க இருந்த இன்னொரு சிலைக்குக் குடுத்திட்டு வாறான். அதை வாசிக்கேக்க எனக்கு எங்கட திருகோணமலைக் கோட்டை வாசல் தான் ஞாபகம் வந்தது. 1622ல போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினது எல்லாருக்கும் தெரியும். வாசல் கல்லில மீன் சின்னமும், "முன்னே குளக்கோட்டன்" எண்டு தொடங்கிற எழுத்தும் இப்பவும் கிடக்கு. ஆர் செதுக்கினது, அவன்ட பேர் என்ன, ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க கோயிலுக்குப் போற அவசரத்தில அதைப் பாக்காமலே போறம்.

---

சாம்பல்தீவு வாசகி:

எனக்கு இந்தப் புத்தகத்தை விட பொன்னியின் செல்வன் தான் ஞாபகம் வந்தது. அம்மா அதை அஞ்சு பாகமும் ஒரு மழைக்காலத்தில எனக்கு வாசிச்சுக் காட்டினவ. 1950ல தொடங்கி 1954 வரைக்கும் கிழமைக்குக் கிழமை தொடரா வந்தது, அப்ப வாசிச்ச சனத்துக்கும் முடிவு பத்தேல்ல, அவருக்கு என்ன ஆச்சு இவவுக்கு என்ன ஆச்சு எண்டு கேட்டு எழுத, கல்கி பிறகு முடிவுரையில அதுக்கெல்லாம் மறுமொழி சொல்லியிருக்கிறார். அப்ப முடிவில ஏதோ மிஞ்சி நிக்கிறது பிழை இல்லத்தானே.

அதிலயும் முடி தான் உச்சம். தனக்குச் சூட்ட வந்த கிரீடத்தை அருள்மொழி எடுத்துச் சித்தப்பன்ட தலையில வைக்கிறார், அஞ்சாம் பாகத்துக்குப் பேரே தியாக சிகரம். ஆனா எனக்கு ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் தெரியுது. அருள்மொழிக்குக் குடுக்கிறதுக்கு ஒரு முடி இருந்தது, சபை முழுக்கப் பாத்துக்கொண்டிருக்கக் குடுத்தார், சனம் வாழ்த்தினது, 985ல அந்த முடி திரும்பவும் அவரிட்டயே வந்தது. ஃபிட்ஸ் குடுத்ததை ஆரும் பாக்கேல்ல. அவனிட்ட முடி இருக்கேல்ல, உடம்பும் பேரும் மொலியும் தான் இருந்தது, அதைத் தான் குடுத்தான். எனக்கு அருள்மொழியைப் பிடிக்கும், ஆனா ஃபிட்ஸை நினைச்சா நித்திரை வராது.

இன்னொண்டு, தங்கச்சி. கதை இதோட முடியேல்ல. அந்த உலகத்தில மொத்தம் 16 புத்தகம், ஃபிட்ஸின்ட கதை 2001ல திரும்பத் தொடங்குது, பிறகு 2014ல இருந்து 2017 வரைக்கும் இன்னொரு மூண்டு. ஆனா ஒரு வருசமாவது விட்டிட்டு அங்க போங்கோ. இந்த மூண்டையும் இதோடயே முடிஞ்ச மாதிரிக் கொஞ்சக் காலம் வச்சிருங்கோ. நான் உடன போனன், அந்தக் குடிசையில அவனும் ஓநாய் நைட்ஐஸும் இருந்த அமைதியை நான் முழுசா அனுபவிக்கேல்ல எண்டு இப்பவும் கவலை.

---

உப்புவெளிக் காத்து:

எல்லாருக்கும் நன்றி, உண்மையா. ஒவ்வொண்டையும் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன்.

ஃப்ரெண்ட் நேற்று ராத்திரி கோல் எடுத்தா. ஏமாத்து முடிவு எண்டதை வாபஸ் வாங்கேல்ல, ஆனா பரிச்சைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் போட்டுது, கடைசில அவவும் அழுதிட்டா. அவவின்ட அப்பா அவவைப் பெத்தவர் இல்ல, வளர்த்தவர். இவ்வளவு காலப் பழக்கத்தில அவ அதை எனக்குச் சொன்னது இதுதான் முதல் தரம்.

உவர்மலை அண்ணா, இண்டைக்குப் பின்னேரம் தம்பியையும் கூட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனன். சின்னனில இருந்து எத்தனை தரம் அந்த வாசலால போயிருப்பன், நிண்டு பாத்ததே இல்ல. மீன் தேஞ்சு போய் இருக்கு, வெயில் சரிஞ்சு விழேக்க தான் அதின்ட கோடு தெளிவாத் தெரியுது. தம்பி எழுத்தில விரலை வச்சுக் கூட்டிக் கூட்டி வாசிக்கப் பாத்தான். உள்ளுக்குள்ள மான் ரெண்டு நிண்டு எங்களைப் பாத்துக்கொண்டிருந்தது. இதை ஆர் அக்கா செதுக்கினது எண்டு கேட்டான், தெரியாதடா எண்டு சொன்னன், அப்பிடியே வெரிட்டியின்ட கதை வாய் வரைக்கும் வந்திட்டுது, அடக்கிக்கொண்டன்.

வீட்டுக்கு வந்து முதலாம் புத்தகத்தை அவன்ட ஃபோன்ல போட்டுக் குடுத்திருக்கிறன். இப்ப அறைக்குள்ள லைட் எரியுது. அவனும் இந்தப் பக்கம் வாறவன் தான், ஒருத்தரும் அவனிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதீங்க.